ஒன்பது இல்லாத ஷெட்டில் பதினாலு பாகம்

புத்தகம் என் மடியில் விரிந்து கிடக்கிறது. வாய் படித்துக்கொண்டிருக்கிறது. எதிரே ஆரோக்கியமேரி யானை பொம்மை அச்சைக் கவிழ்த்து, மிஞ்சிய களிமண் கூழை வாளியில் வடியவிடுகிறாள். கூழ் சத்தமில்லாமல் விழுகிறது. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக இறங்கிய வெயிலில் வெள்ளைத் தூசு மிதக்கிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு ரயில், கிளம்ப மனசில்லாததுபோல நீளமாகக் கத்துகிறது.

நான் படிப்பது பத்தாம் பாகம். வானத்தில் மிதக்கும் தீவுகள். அவற்றுக்கு நடுவே மேகத்தின் மேல் படகு ஓட்டுகிற ஆரன். அவன் கயிற்றை அவிழ்க்கிறான், ஏறுகிறவர்களோடு வம்பு வளர்க்கிறான், சிரிக்கிறான். மேரியும் சிரிக்கிறாள்.

ஒரே ஒரு சிக்கல். என் மடியில் இருக்கிற பக்கத்தில் ஆரன் இல்லை. அவன் முந்தின பாகத்திலேயே செத்துவிட்டான்.

நான் எப்படி இந்தப் பொய்க்குள் போய் உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், என் வாய்க்கொழுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பஸ்ஸில் வந்த பெட்டி

என் வாய்தான் எனக்கு எதிரி என்று நான் எழுதிவரும் இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். என் மகள் ரம்யா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தவளிடம் சும்மா இல்லாமல் கேட்டேன்.

"எந்நேரமும் போனு. ஒரு புஸ்தகத்த முழுசா படிச்சிருக்கியாடி நீ?"

"நீ படிச்சிருக்கியாம்மா?"

"ஏன், கெடச்சா படிக்க மாட்டனா? எவ்ளோ பெருசா இருந்தாலும் படிப்பேன்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். அடுத்த மாதமே பஸ்ஸில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே பதினாலு புத்தகங்கள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். ஏற்கெனவே யார் யாரோ படித்துக் கசக்கியவை. வேறு ஏதோ தேசத்தில் எழுதி, தமிழில் பெயர்த்த மாயக்கதைத் தொடர். அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நாங்களும் கடைசிவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது தீவுக் கதை.

ரம்யா போனில் சிரித்தாள். "ஒரே வருஷம்மா. பதினாலு பாகம். இங்க எல்லாரும் சவாலா எடுத்து படிக்கறாங்க. நான் மூணோட வுட்டுட்டேன். நீ முடிச்சிட்டீன்னா அதுக்கப்புறம் வூட்டுக்கு வரும்போது போனை தொட மாட்டேன், சத்தியமா."

நான் பாதியில் விட்ட காரியங்களை வரிசையாக அடுக்கினால் விருத்தாசலத்திலிருந்து நல்லூர் வரைக்கும் போகும். டைப்ரைட்டிங், தையல், உடம்பு இளைக்க நடந்த நடை, இந்தி. இதையும் விட்டால் என் மகள் முகத்தில் விழிக்க முடியாது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். மறுநாளும் அதே இரண்டாம் பக்கம், அதே தூக்கம்.

வீடு சரிப்படாது என்று தெரிந்தது. முதல் பாகத்தைச் சாப்பாட்டுப் பையில் போட்டு, நான் வேலை செய்யும் பீங்கான் பொம்மை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

அச்சு தண்ணீர் குடிக்கும் நேரம்

எங்கள் வேலையில் காத்திருப்பதுதான் பாதி. பாரிஸ் பிளாஸ்டர் என்கிற வெள்ளை மாவில் செய்த அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு கூழில் இருக்கிற தண்ணீரை மெதுவாகக் குடிக்கும். ஓரமெல்லாம் தோல் கட்டியதும் நடுவில் மிஞ்சிய கூழை வடித்துவிட வேண்டும். முந்தினால் பொம்மை பிய்ந்துபோகும், பிந்தினால் தடித்துக் கனத்துவிடும். ஊற்றுவதும் வடிப்பதும் மேரி. திறந்து எடுத்ததை ஓரம் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பது நான். அச்சு தண்ணீர் குடிக்கிற அந்த நேரத்தில் எனக்குக் கை சும்மா இருக்கும்.

"நாந்தான் படிக்கணும்னு சவாலு. ஆனா வாய்விட்டு படிக்கறேன். நீ கேளு. நான் தூங்கனா எழுப்பு" என்றேன் மேரியிடம்.

"கத கேக்கறதுக்கு நல்ல ஆளு பாத்தடி" என்றாள்.

மேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஷெட்டில் ஒரே வருஷத்தில் சேர்ந்தோம். அவள் வீட்டுக்காரர் ஜோசப் ஜங்ஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேரை ஏற்றுவார். யாராவது முறைத்தால், "கொஞ்சம் நவுந்து குந்துங்க, எல்லாரும் வூட்டுக்குத்தான் போவணும்" என்பார். அவர் ஆட்டோவில் போனால் இடுப்பு வலிக்கும், சிரித்து வயிறும் வலிக்கும்.

கதை வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஸ்டாண்டில் ஆள் ஏறக் காத்திருந்தவர் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். மேரி அப்போது ஷெட்டில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். தகவல் வந்து, அவள் ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவளுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அன்று காலையில் அவர் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்றாராம். அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்ததாம், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி, போயிட்டு வாங்கன்னு தெனம் சொல்லுவேன் வசந்தி. அன்னிக்கு மட்டும் சொல்லல." கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகும்போதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வட்டச் சீட்டு

முதல் பாகம் முடிவதற்குள் அதன் அட்டையில் கூழ் பட்டு, தாள் பிரிய ஆரம்பித்துவிட்டது. மேரிக்குப் பொறுக்கவில்லை. பெட்டியோடு எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, பதினாலுக்கும் காக்கித்தாள் அட்டை போட்டாள். பைண்டிங் தளர்ந்திருந்ததால் முதல் தாளையும் அட்டையோடு சேர்த்து மைதா பசையால் இறுக ஒட்டிவிட்டாள். பாகம் எண் இருந்ததே அந்தத் தாளில்தான். அது உள்ளே போனதும், எது எந்தப் பாகம் என்று தெரிய வேண்டுமே? டீ கப்பைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, வெட்டி, ஒன்றிலிருந்து பதினாலு வரை எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினாள். பார்க்க அவ்வளவு அழகு.

இங்கே எங்கள் ஷெட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கப்போ ஜாடியோ, காயவைக்கும்போது கவிழ்த்துத்தான் வைப்போம். எந்த அச்சில் வார்த்தது என்று அடியில் ஆணியால் எண் கீறுவோம். வட்டமான அடிக்கு மேல் ஏது, கீழ் ஏது? இந்தப் பக்கம் நின்றால் 6, அந்தப் பக்கம் நின்றால் 9. அந்தக் காலத்தில் இதனால் பெரிய சண்டையெல்லாம் வந்ததாம். அதனால் எங்கள் ஷெட்டில் ஒன்பதே கிடையாது. எட்டுக்கு அப்புறம் பத்து. புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அந்த வழக்கத்திலேயே கை பழகிய மேரி, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வட்டத்தில் ஒன்பது எழுதினாள். அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

செத்தவன் வந்தான்

ஐந்து பாகம் வரை நன்றாகப் போனது. ஆரன் யாருக்கும் அடங்காதவன். ராஜாவாக இருந்தாலும் வரிசையில் நின்றுதான் படகில் ஏற வேண்டும். மேரி கை வேலையை நிறுத்தாமல், "அய்ய, எங்க வூட்டுக்காரரு மாதிரியே பேசறான் பாரு" என்பாள். மணிமுத்தாற்றில் மணலைத் தவிர வேறெதையும் பார்க்காத நாங்கள் தினமும் மதியம் மேகத்தில் பயணம் செய்தோம். வெள்ளைத் தூசுக்குள் உட்கார்ந்து மேகத்தைப் பற்றிக் கேட்டால் நம்பாமல் இருக்க முடியாது. மேஸ்திரி செல்வராசுகூட அச்சை எண்ணுகிற சாக்கில் பக்கத்தில் வந்து நிற்பார். "என்னம்மா, படகு எங்க போயிருக்குது இன்னிக்கு?"

ஆறாம் பாகம் தலைகால் புரியவில்லை. எங்கிருந்தோ புதுப்புது ஆட்கள், யாரோ யாருடனோ கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். வெள்ளைக் கோட்டை ஒன்று எரிந்து போனது. மாயக்கதை என்றால் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் புரியும் என்று படித்துக்கொண்டே போனேன். கடைசி அத்தியாயத்தில் ஆரன் செத்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிச் சாமி முன்னால் கட்டுவார்களே, அப்படிக் கதை எழுதினவன் மேல் ஒரு பிராது கட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மேரி குனிந்தபடியே அச்சைத் திறந்துகொண்டிருந்தாள். மூன்று நாள் அவள் கதை கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சவால் போனால் போகிறது என்று நினைத்தேன்.

நாலாவது நாள் அவளே, "படி, முடிக்கணும்ல" என்றாள். ஏழாம் பாகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே ஆரன் படகில் குந்தி, கயிறு நைந்துவிட்டது என்று திட்டிக்கொண்டிருந்தான்.

மேரி தலையை நிமிர்த்தினாள். "என்னாது? திரும்பப் படி." திரும்பப் படித்தேன். "உசுரோட இருக்கானா?" என்றாள். கேட்டுவிட்டு, கூழ் அப்பிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. எரிந்த கோட்டையும் சுண்ணாம்பு அடித்து ஜம்மென்று நின்றது. "போனதெல்லாம் கனவா இருக்கும்மா" என்று மேஸ்திரி தீர்ப்புச் சொன்னார்.

அதற்கப்புறம் மேரி ஆளே மாறிவிட்டாள். காலையில் வந்ததும், "ஆரன் எழுந்துட்டானா?" என்பாள். தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். தூக்குச் சட்டியில் எனக்கும் சேர்த்துக் குழம்பு வந்தது. ஷெட்டுக்கு வருவதற்கு எனக்கே அவ்வளவு ஆசையாக இருந்தது. ஏழும் எட்டும் பறந்துபோயின.

பசை விட்டுப்போனது

எட்டு முடிந்த மறுநாள், அடுத்த புத்தகத்தை எடுத்து வைத்தபோது பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குவளை சாய்ந்துவிட்டது. காக்கித்தாள் நனைந்து பசை விட்டது. மேரி சாப்பிடக் கை கழுவப் போயிருந்தாள். உரிந்து வந்த தாளைச் சரிசெய்யப் போன என் கண்ணில், உள்ளே ஒட்டியிருந்த எழுத்து பட்டது. ஆறாம் பாகம்.

மேலே ஒட்டிய வட்டத்தைப் பார்த்தேன். 9. புத்தகத்தைத் திருப்பினேன். 6.

ஆறு என்று நாங்கள் படித்து முடித்ததைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன் தாளையும் நகத்தால் உரித்தேன். ஒன்பதாம் பாகம். அப்படியானால் ஆரன் எங்கிருந்தும் திரும்பி வரவில்லை. சாவதற்கு முன்னால் நடந்ததைத்தான் நாங்கள் அப்புறமாகப் படித்திருக்கிறோம். பத்தாம் பாகத்தைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தேன். ஆரனின் படகு ஆளில்லாமல் கரையில் கட்டிக் கிடந்தது.

மேரி ஈரக் கையோடு வந்தாள். "என்னடி பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

"தண்ணி கொட்டிட்டேன்" என்றேன். அவசர அவசரமாகத் தாளை ஒட்டினேன்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. தலையில் பூவோடு நிற்கிறவளிடம், உன் ஆள் வரவே இல்லை, சீட்டுத்தான் மாறிவிட்டது என்று எந்த வாயால் சொல்வேன்?

ஒன்பது என்று சீட்டு ஒட்டிய அந்தப் பாகத்தைப் படிக்க மட்டும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்றேன். ஒரே பத்தியை, நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டு தடவை படித்தேன். நான் சவாலில் ஒரு மாத வித்தியாசத்தில் தோற்றது இதனால்தான். ரம்யாவிடம் இதுவரை காரணம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

எவ்வளவுதான் இழுத்தாலும் ஒரு நாள் அது முடிந்தது. மேரி பெட்டியிலிருந்து பத்தாம் பாகத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

நகராத பக்கம்

முதல் வரியிலேயே பொய் சொன்னேன். 'படகு ஆளில்லாமல் கிடந்தது' என்று இருந்ததை, 'ஆரன் படகைக் கட்டிவிட்டு இறங்கினான்' என்று படித்தேன். அவ்வளவுதான், அதோடு நிறுத்த முடியவில்லை. இறங்கினவன் எங்காவது போக வேண்டும், யாரிடமாவது பேச வேண்டும். ஒவ்வொரு நாள் ராத்திரிச் சமையலின்போதும் மறுநாளுக்கான ஆரனை யோசித்தேன். பத்தாவது தாண்டாத நான் கதை கட்டினேன்! சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். இன்னும் ஐந்து பாகத்துக்கும் இவனை இப்படியே ஓட்டிவிடலாம் என்ற துணிச்சல்கூட வந்துவிட்டது.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்த மதியம் இதுதான். ஆரன் படகை அவிழ்க்கிறான். தீவு மக்கள் முண்டியடித்து ஏறுகிறார்கள். ஒரு பிரபு முறைக்கிறார். என் வாயில் எப்படி வந்ததோ தெரியவில்லை.

"கொஞ்சம் நவுந்து குந்துங்க, எல்லாரும் வூட்டுக்குத்தான் போவணும் என்றான் ஆரன்" என்று படித்தேன்.

மேரி சிரித்தாள். சிரித்துவிட்டு, கையில் இருந்த அச்சைக் கீழே வைத்தாள்.

"வசந்தி."

"ம்?"

"நீ அரமணி நேரமா பக்கத்த திருப்பவே இல்ல."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. புத்தகத்தை மூடவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை.

"ஒம்போதுலயே எனக்குத் தெரியும்டி" என்றாள். "எரிஞ்சுபோன கோட்டைக்கு அதுலதான் அஸ்திவாரமே போடறாங்க. என்னாடா இதுன்னு யோசிச்சேன். சீட்டு ஒட்டனது நாந்தான. வட்டத்த திருப்பிப் பாத்தேன், புரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. சரி, இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டுமேன்னு நானும் வுட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பாதி, பாவம் பாதி. மன்னிச்சுக்கடி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. எழுந்து போய்க் குழாயடியில் கையைக் கழுவினாள். முழங்கை வரைக்கும் இருந்த வெள்ளையெல்லாம் போகும்வரை தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் முழங்காலுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவன் சாவற எடத்த எடு."

"வேணாம் மேரி."

"எடுடி. அன்னிக்கு நீ படிக்கும்போது அச்ச தொறந்துகிட்டு இருந்தேன். பாதிதான் காதுல வுழுந்துச்சு. எனக்கு எப்பவும் கை வேலையாவே இருக்குது. இந்தத் தடவ ஒண்ணும் செய்யல, சும்மா குந்தியிருக்கேன். மெதுவா படி."

பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். கடைசி அத்தியாயம். இந்த முறை நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. கரையில் தீவு மக்கள் அவரவர் வேலையில் இருக்கிறார்கள். ஒருத்தி வலை பின்னுகிறாள், ஒருத்தி விறகு அடுக்குகிறாள். மேகம் கறுத்து வருகிறது. அக்கரையில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று ஆரன் ஒருவனாகவே கயிற்றை அவிழ்க்கிறான். கரையைப் பார்த்துக் கையை உயர்த்தி, 'காற்று திரும்பும்போது வந்துவிடுகிறேன்' என்கிறான். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. படகு கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக்குள் போகிறது. முதலில் துடுப்பு மறைகிறது, அப்புறம் அவன் முதுகு.

அந்த இடத்தில் மேரி கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் நிறுத்தினேன்.

மேஸ்திரி தூரத்திலிருந்து என்னவோ சொல்ல வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். வரிசையாக ஊற்றி வைத்த அச்சுகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தன. வடிக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அன்றைக்கு ஒரு வரிசை யானைகள் தூக்க முடியாமல் கனத்துப்போயின. அவை உடைத்துக் கரைக்கத்தான் ஆயின.

மேரியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஷெட்டின் வாசலைப் பார்த்துத் தலையை நிமிர்த்தி, வீட்டில் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"சரி. போயிட்டு வாங்க."